கழுத்துக்குக் கீழே

கையைத் தூக்குங்க என்றாள் நர்ஸ், தூக்கினேன், இன்னும் மேலே, தலைக்கு மேலே என்றாள், தூக்கிக் கூப்பாமல் வெறுமனே நிறுத்திக்கொண்டேன், தலைக்கு மேல் கை தூக்கி நான் கும்பிடாமல் நின்றது இதுதான் முதல் தடவை. முன்னால் ஒரு படம், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, பிறகு கையைத் தொங்கவிட்டு இன்னொரு மூன்று. முகம் விழாதுங்க, கழுத்துக்குக் கீழதான், பயப்படாதீங்க என்றாள். கழுத்துக்குக் கீழேதானம்மா பயமே என்று சொல்ல வந்ததை முழுங்கிவிட்டேன். அதற்கு முன்பே டாக்டர் ஊதா பேனாவால் என் மார்பில் இரண்டு பக்கமும் கோடு போட்டிருந்தார், வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம், வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் தெரியுமே அப்படி. இப்போது அவர் பக்கத்து அறையில் யாரையோ கவனிக்கப் போயிருக்கிறார். அரை மணி நேரம் ஆகும், ரெண்டு பேப்பரையும் நிதானமாப் படிங்க, எது வேணும்னு முடிவு பண்ணி அதுல மட்டும் கையெழுத்துப் போட்டு வைங்க என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு தாள். ஒன்றில் மிஷின், இன்னொன்றில் கத்தி. கடிகாரத்தில் பதினொன்று பத்து. சட்டையைப் போட்டுக்கொள்ளலாமா என்று நர்ஸைக் கேட்டேன், இங்க் ஒட்டிக்கும், காயட்டும் என்றாள். சட்டையில்லாமல் இருப்பதற்கென்றே பிறந்தவன் நான், முப்பது வருஷமாக ஊர் முன்னால் இப்படித்தான் நிற்கிறேன், ஆனால் இந்த ஏசிக் காற்றில் இரண்டு கையையும் குறுக்கே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கட்டினால் கைக்கு மேலே பிதுங்குகிறது, அவிழ்த்தால் தொங்குகிறது, சீ.

வேஷம் போட்டுக்கொண்டுதான் வந்தேன். பேண்ட், சட்டை, நெற்றியில் விபூதி இல்லை, குடுமியைச் சுருட்டி ஒரு தொப்பிக்குள் தள்ளியிருந்தேன், காலை ஐந்தரை பஸ். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டியிடம் யாக சாமான் வாங்கப் போகிறேன் என்றேன். திருச்சிக்கு வருவதிலும் ஒரு சங்கடம், மகள் அபர்ணா இங்கேதான் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், தில்லை நகர் பக்கம் அவள் வரமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆட்டோவில் தலையைக் குனிந்தபடி வந்தேன். இவ்வளவு ஜாக்கிரதையும் முன்வாசல் மேஜையில் அரை நிமிஷத்தில் போயிற்று. பேர் என்னங்க என்றாள் அந்தப் பெண். பஞ்சாபகேசன் என்று சொல்லக் கூடாது என்று பஸ்ஸிலேயே தீர்மானம் செய்து வைத்திருந்தேன். ரவி என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முப்பது வருஷமாக ஒரு நாளைக்கு நூறு பேரிடம் பேர், ராசி, நட்சத்திரம் கேட்கிற வாய், அது பாட்டுக்கு, ரவி, கும்ப ராசி, சதய நட்சத்திரம் என்று முழுசாகச் சொல்லி முடித்தது. அந்தப் பெண் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தி என்னை ஒரு தடவை பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, எனக்கு ரேவதிங்க சாமி, மீன ராசி என்றாள். அதிலிருந்து இந்த இடத்தில் எல்லாருக்கும் நான் சாமி. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன், நனைந்த கோழி பஞ்சாரத்துக்குள் முழித்த மாதிரி முழித்துக்கொண்டு.

முதல் தாள். குளிர வைக்கிற மிஷின். வெட்டு இல்லை, தையல் இல்லை, மயக்கம் இல்லை, ஒரு மணி நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஒரு கிண்ணம் மாதிரி இருக்குமாம், அதை மார்பில் வைத்தால் சதையை உள்ளே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளுமாம், கன்றுக்குட்டி மடியைப் பிடிக்கிற மாதிரி என்று டாக்டர் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன். செல்போனில் ஒரு படம் காட்டினார். கிண்ணத்தை எடுத்ததும் சதை அந்த வடிவத்திலேயே நின்றது, வெண்ணெய்க் கட்டி மாதிரி, சிவந்து, விறைத்து, அதைக் கையுறை போட்ட ஒரு கை பிசைந்து பிசைந்து இளக்கியது. அந்தக் கொழுப்பு உள்ளேயே செத்துப்போகும், ரெண்டு மூணு மாசத்துல உடம்பே கொஞ்சம் கொஞ்சமா வெளியேத்திடும் என்றார். செத்துப்போகும் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது சாதாரணமில்லை. பங்காளி செத்தால் பத்து நாள் நான் சுவாமியைத் தொடக் கூடாது. எனக்குள்ளேயே ஒன்று செத்துக் கிடந்தால் எத்தனை நாள். மூன்று மாசம் அந்தச் செத்ததைச் சுமந்துகொண்டு அபிஷேகம் செய்யலாமா, இதை யாரைக் கேட்பது, எந்த ஆகமத்தில் பார்ப்பது, கேட்டால் சிரிக்க மாட்டார்களா. நகம் செத்ததுதான், மயிர் செத்ததுதான், அதையெல்லாம் சுமக்கவில்லையா என்று ஒரு பக்கம் மனசு வக்கீல் மாதிரி வாதாடுகிறது. நகம் வெளியே இருக்கிறதடா, இது உள்ளே என்கிறது இன்னொரு பக்கம். அதற்கும் மேலே ஒன்று, தாளின் கடைசியில் பொடி எழுத்தில், அபூர்வமாகச் சிலருக்குக் குளிரவைத்த இடத்தில் கொழுப்பு குறையாமல் இன்னும் கெட்டியாகப் பெருத்துவிடலாம் என்று போட்டிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. இன்னொன்றும் சொன்னார். உங்களுக்கு கொழுப்பு மட்டும் இல்ல, காம்புக்குப் பின்னால கட்டியா சுரப்பியும் இருக்கு, அதுக்கு மிஷின் ஒண்ணும் பண்ணாது, கால்வாசி குறைஞ்சா அதிகம். சொல்லிக்கொண்டே கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதைப் பிடித்துப் பார்த்தார், மார்க்கெட்டில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பவர்களைப் போல. நான் விட்டத்தைப் பார்த்தேன்.

இரண்டாவது தாள். சின்னதாக இரண்டு கீறல், அதன் வழியே ஒரு குழாய், உள்ளே போய் வந்து போய் வந்து கொழுப்பை உறிஞ்சும், பிறகு காம்பின் ஓரத்தில் வெட்டிச் சுரப்பியை எடுத்துவிடுவார்கள். அதையும் படமாகக் காட்டினார், வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் பார்த்தேன். பாட்டிலில் இறங்கியது மஞ்சளாக, நுரையோடு, நடுநடுவே சிவப்புத் திரியோடு. எனக்கு நெய் ஞாபகம் வந்தது. இந்தக் கையால் எத்தனை ஆயிரம் நெய்விளக்கு ஏற்றியிருப்பேன், இனி ஒவ்வொரு தடவை உருக்கின நெய்யைப் பார்க்கும்போதும் அந்தப் பாட்டில்தான் வரும், அதற்காகவே இந்த டாக்டரை மன்னிக்கக் கூடாது. மேஜையில் மஞ்சள் ரப்பரில் ஒரு கட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு கிலோ கொழுப்பு என்று சீட்டு ஒட்டி, முண்டும் முடிச்சுமாக. தொட்டுப் பாருங்க என்றாள் நர்ஸ். தொட்டேன். என்னைத் தொட்ட மாதிரியே இருந்தது. கத்தி என்றால் ஒரே தடவை, போனது போனதுதான், ஆறு வாரத்தில் வீக்கம் வடிந்து தட்டையாகிவிடும். ஆனால் அந்த ஆறு வாரமும் ராத்திரி பகல் இறுக்கமான பனியன் ஒன்றைப் போட்டிருக்க வேண்டும், தைத்தது, ஜிப் வைத்தது. வேலைக்குப் போகலாங்க, ஒரு வாரத்துல போகலாம், மேல சட்டை போட்டுக்கிட்டா வெளில ஒண்ணும் தெரியாது என்றார் டாக்டர். சாமி என்று கூப்பிட்டாலும் என் வேலை சட்டை போடாத வேலை என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. தைத்த துணியைப் போட்டுக்கொண்டு சுவாமி கிட்டே போகக் கூடாது டாக்டர் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். கழட்டிட்டுப் போய் ஒரு பத்து நிமிஷத்துல என்று ஆரம்பித்தார். ரத்தம் கசிகிற காயத்தோடும் போகக் கூடாது என்றேன். அப்ப லீவு போடுங்க சாமி என்றார். சுவாமிக்கு லீவு லெட்டர் எழுதுவதை நினைத்துப் பார்த்தேன்.

தை மாசம் இருபத்தேழு கும்பாபிஷேகம். இன்று கார்த்திகை கடைசி. எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தாறு நாள். கத்தி என்றால் நாற்பத்திரண்டு நாள் சுவாமியைத் தொட முடியாது, மார்கழி முழுசும் போய்விடும். திருப்பணிக்காக இப்போது பாலாலயத்தில் இருந்தாலும் சுவாமி சுவாமிதான். என் பங்காளி சபேசன் அந்த நாற்பத்திரண்டு நாளுக்காகத்தான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறான், மார்கழியைச் செய்தவன்தான் தை மாசம் கலசத்தைத் தூக்குவான், இது எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் மூன்று தலைமுறை ஒப்பந்தம். மிஷின் என்றால் ஒரு நாள் கூடப் போகாது, ஆனால் ஐம்பத்தாறு நாளில் ஒன்றும் குறையாது, இதே மார்போடுதான் போக வேண்டும். போவது என்றால் எப்படி. தலையில் கலசம், அதைப் பிடித்து இரண்டு கையும் மேலே, மேல்துண்டு இடுப்பில், மேளம் முன்னால், யாகசாலையிலிருந்து பிராகாரம் சுற்றி, மரப்படி ஏறி விமானத்துக்கு. கையால் மறைக்க முடியாது, துண்டால் மறைக்க முடியாது, ஒவ்வொரு படிக்கும் குலுங்கும். மேலே ட்ரோன் பறக்கும், யூடியூபில் நேரலை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற நாள், என் அப்பா தூக்கியது, போன தடவை நான் தூக்கியது, அப்போது இவ்வளவு இல்லை, அப்போது எல்லார் கையிலும் போனும் இல்லை. இடது காதில் ஒரு குரல் கத்தி என்கிறது, வலது காதில் ஒரு குரல் மிஷின் என்கிறது, நடுவில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பதினொன்று இருபத்திரண்டு.

எப்போது இப்படியாயிற்று. பதினைந்து வயசிலேயே லேசாக இருந்தது, அப்பா பார்த்துவிட்டு, நெய்ப் பொங்கல் ஒட்டிண்டிருக்கு, போயிடும் என்றார். போகவில்லை. நாற்பதுக்கு மேல் உருண்டு திரண்டுவிட்டது. யாருக்கும் தெரியாத ஒரு விஷயம், மடிப்புக்குக் கீழே எப்போதும் ஈரம். அபிஷேகத்தின்போது பால் தெறிக்கும், தேன் தெறிக்கும், பஞ்சாமிர்தம் தெறிக்கும், துடைத்தாலும் அந்த மடிப்புக்குள் கொஞ்சம் தங்கும். சாயங்காலம் சாயரட்சைப் பூஜைக்குள் புளித்துவிடும். விபூதி அங்கே போனால் களிம்பாகிவிடும், அரித்துச் சொறிந்து புண்ணாகி மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு நிற்பேன். கருவறைக்கு வடபுறம் கோமுகி வழியே அபிஷேகத் தண்ணீர் விழுகிற தொட்டி இருக்கிறதே, ஒரு நாள் கழுவாமல் விட்டால் என்ன நாற்றம் நாறும், அந்த நாற்றம் என் மேலிருந்தே வருகிறதோ என்று தீபாராதனைத் தட்டை நீட்டும்போது கை பின்வாங்கும். எதிரே நிற்கிறவர்கள் கற்பூரத்தைப் பார்க்கிறார்களா, என்னைப் பார்க்கிறார்களா. பார்த்தால் தெரியும், கண் தட்டில் ஆரம்பித்து ஒரு சாண் மேலே ஏறி அங்கே ஒரு நிமிஷம் நின்று பிறகு என் முகத்துக்கு வராமலே கீழே போகும். கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது ஒரு உதடு கோணும். அந்த உதடுகளையெல்லாம் நினைத்தால் எனக்கு எரிகிறது. என்னை நினைத்தாலும் எரிகிறது. கோயில் பூனை தேவருக்கு அஞ்சுமா என்பார்கள், நான் தேவருக்கு அஞ்சவில்லை, வரிசையில் நிற்கிறவர்களுக்குத்தான் அஞ்சுகிறேன்.

சுவரில் படங்கள் மாட்டியிருக்கிறார்கள், முன், பின் என்று ஜோடி ஜோடியாக. ஒரு வயிறு, அதே வயிறு ஒட்டிப்போய். ஒரு தொடை, அதே தொடை. ஒரு ஆண் மார்பு, தொங்கலாய், பிறகு பலகையாய். ஒன்றுக்கும் தலை கிடையாது. இவர்களுக்கெல்லாம் பெண்டாட்டி இருப்பாளா, குழந்தை இருக்குமா, அந்தக் குழந்தை இந்த அறைக்கு வந்தால் இது என் அப்பா வயிறு என்று சொல்லுமா. என்னை எவனோ எடுத்த அந்த வீடியோவிலும் தலை இல்லை. ஐப்பசி அன்னாபிஷேகத்தன்று எவனோ வரிசையில் நின்றபடியே எடுத்திருக்கிறான். அண்டா அண்டாவாகச் சாதம், ஆறினதும் இரண்டு கையாலும் அள்ளி லிங்கத்தின் மேல் அப்பிக்கொண்டிருந்தேன், வேர்வை ஓடுகிறது, மார்பில் பருக்கை ஒட்டியிருக்கிறது, குனிந்து அள்ளும்போது ஒரு ஆட்டம், நிமிர்ந்து அப்பும்போது ஒரு ஆட்டம். அதைக் கிட்டே இழுத்து, கழுத்துக்கு மேலும் இடுப்புக்குக் கீழும் வெட்டி, மெதுவாக ஓடவிட்டு, ஒரு கொட்டு சத்தம் சேர்த்து, ஜெல்லி சாமி என்று பேர் எழுதியிருந்தான். பதினெட்டு விநாடி. தனியாக இருக்கும்போது அதை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். இடது பக்கம் ஒரு மச்சம், ருத்ராட்சத்தில் தங்கப் பூண் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ரோஸ் நூல் முடிச்சு, அது குதித்துக் குதித்து விழுகிறது. அதைப் பார்த்துத்தான் நான் என்று எனக்கே தெரிந்தது, இல்லாவிட்டால் நானும் எவனோ என்றுதான் நினைத்திருப்பேன்.

அதை எனக்குக் காட்டியது அபர்ணா. அங்கே போகாதே என்று மனசைத் தட்டித் தட்டி வைக்கிறேன், அது ஈ மாதிரி அதே புண்ணில் வந்து உட்காருகிறது. சனிக்கிழமை சாயங்காலம், ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள், அவள் அம்மா ஸ்ரீரங்கத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஊஞ்சலில் உட்கார்ந்து பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா, இதப் பாருங்கோ என்று போனை நீட்டினாள். சிரித்தாள். அவளுக்கு அது நான் என்று தெரியவில்லை, யாரோ எந்த ஊர் குருக்களோ என்று காட்டுகிறாள், தெரிந்துவிடப் போகிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. நானும் சிரித்தேன். அதோடு விட்டேனா. சந்தேகமே வரக் கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இந்த இருபத்தெட்டு நாளாக வாயால் திரும்பச் சொல்லிப் பார்க்கவில்லை. இப்போது இந்த ரப்பர் கட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்க்கிறேன். கண்றாவி, இந்த உடம்ப வெச்சுண்டு சுவாமியத் தொடறானே, இவனுக்கே அருவருப்பா இருக்காதோ. சொன்னது அதுதான். போறும்ப்பா என்று அவள் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு அலுத்துவிட்டது என்று நினைத்தேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், என் வாயை மூடவே எனக்கு ஒரு மூடி கிடைக்கவில்லை.

கதவைத் தட்டிவிட்டு நர்ஸ் உள்ளே வந்தாள். டாக்டர் இன்னும் பத்து நிமிஷத்துல வந்துடுவார் சாமி, அதுக்குள்ள வெயிட் மிஷின்ல ஒரு தடவை ஏறிடுங்க, கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டும் என்றாள். எழுந்தேன். மெட்டல் எதுவும் இருக்கக் கூடாது, அந்த மாலையில தங்கம் இருக்குல்ல, கழட்டிடுங்க. இதைக் கழட்டறதில்லைம்மா என்றேன். இப்ப ஒரு நிமிஷம்தான் என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்து என் கழுத்தில் கொக்கியைத் தேடினாள், கொக்கி கிடையாது, நரம்பில் கோர்த்தது, ஒரு இடத்தில் அறுந்து முடிச்சுப் போட்டது. அந்த முடிச்சை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு நகத்தால் நெண்டினாள். ஏழு முடிச்சு போட்டிருக்காங்க, யார் சாமி கட்டுனது, பிரிக்கவே முடியல, வெட்டிடவா, வேற நூல் போட்டுக்கலாம் என்று பக்கத்தில் இருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். பொண்ணு கட்டினதும்மா என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. பொண்ணு கட்டினது. நவராத்திரிக்கு மறுநாள் குளிக்கும்போது அறுந்தது, நான் கோயிலுக்கு அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தேன், அபர்ணா லீவுக்கு வந்திருந்தாள், அசையாம நில்லுங்கோப்பா என்று பூத்தையல் போடுகிற டப்பாவிலிருந்து ரோஸ் நூலை எடுத்து என் கழுத்துக்குக் கீழே முகத்தை வைத்துக்கொண்டு கட்டினாள். ரோஸ்தான் கிடைச்சுதா என்றேன். இதுதான் அறாது என்று ஏழு முடிச்சு போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்து அறுத்தாள். வீடியோவில் குதித்துக் குதித்து விழுகிற முடிச்சு இதுதான். நாற்பது தடவை பார்த்தவனுக்கு, இதைக் கட்டினவளுக்கு இது தெரியாமல் இருக்குமா என்று ஒரு தடவை கூடத் தோன்றவில்லை. தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா. இரும்மா என்று நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் திகைத்துப்போய்க் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமையைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன், இருபத்தெட்டு நாளாக ஒரே மாதிரி ஓடியது இப்போது வேறு மாதிரி ஓடுகிறது. அப்பா, இதப் பாருங்கோ. போனை நீட்டினாள். சிரித்தாளா. இல்லை. போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், தட்டில் எதையோ சிந்தாமல் எடுத்துவருகிறவளைப் போல. கண் என் முகத்தில் இருந்தது, போனில் இல்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல், யாராவது சொல்லி எனக்குத் தெரியவருவதற்கு முன்னால் தானே காட்டிவிடலாம் என்று வந்திருக்கிறாள். முதலில் சிரித்தது நான். பெரிதாக, தொப்பை குலுங்கச் சிரித்தது நான். அதற்குப் பிறகுதான் அவள் சிரித்தாள், நான் சிரிக்கிறேனே என்று, உதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு. பிறகு நான் அதைச் சொன்னேன். போறும்ப்பா என்றாள். மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது ஒன்பது முழ அங்கவஸ்திரம் ஒன்று கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்தது, இதை மார்போட சேர்த்துக் கட்டிக்கோங்கோப்பா, சில ஊர்ல அப்படித்தான் கட்டறா, நான் பாத்திருக்கேன் என்றாள். சன்னிதில இடுப்புலதான் கட்டணும், இதெல்லாம் ஒனக்குத் தெரியாது என்று அதட்டிவிட்டு எடுத்து அலமாரியில் போட்டேன். பஸ்ஸுக்குப் போகும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு என் உடம்பைப் பார்த்து அருவருப்பு என்று பயந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து இங்கே கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் அப்பாவை அருவருப்பு என்று அவள் முகத்துக்கு நேரே சொன்ன ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான். கொமட்டுகிறது. ரப்பர் கட்டியைப் பார்த்து அல்ல, நெய்ப் பாட்டிலை நினைத்து அல்ல.

போனை எடுத்தேன். மூன்று தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள், குரலை அடக்கி, கிளாஸ்ல இருக்கேன்ப்பா, என்ன என்றாள். வெளில வாயேன் என்றேன். நாற்காலி நகரும் சத்தம், நடக்கும் சத்தம். அம்மாக்கு ஏதாவதா என்றாள். அவளுக்கு ஒண்ணும் இல்ல, நான் திருச்சிலதான் இருக்கேன், தில்லை நகர்ல, ஒரு ஆஸ்பத்திரில. என்னாச்சுப்பா என்றாள், குரல் உயர்ந்துவிட்டது. ஒண்ணும் ஆகல. அந்த வீடியோ காட்டினியே, ஜெல்லி சாமின்னு, அது நான்தான். எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது, அவள் பக்கமா என் பக்கமா தெரியவில்லை. தெரியும்ப்பா என்றாள். அப்பறம் ஏண்டி சிரிச்ச. நீங்க சிரிச்சேளே என்றாள். மூக்கை உறிஞ்சினாள். வீடியோவப் பாத்து எனக்கு ஒண்ணுமில்லப்பா, எடுத்தவனை நாலு அறை அறையணும்னுதான் இருந்தது, நீங்க சொன்னேளே, அத மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம். ஆமாம் என்றேன். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். இப்ப என்ன பண்ணப் போறா அங்க என்றாள் அபர்ணா. ரெண்டு பேப்பர் குடுத்திருக்கா, ஒண்ணு கத்தி, ஒண்ணு மிஷின், எதுன்னு நான் கையெழுத்துப் போடணும். ரெண்டுலயும் போடாதீங்கோ, நான் வரேன், நானும் படிச்சுப் பாக்கணும், அரை மணி ஆகும் என்றாள். வெச்சுடட்டுமா என்றேன். அந்த நூல் அறாம இருக்கோன்னோ என்றாள். இருக்கு என்றேன்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். என்ன சாமி, முடிவு பண்ணிட்டீங்களா என்றார். இரண்டு தாளையும் ஒன்றாக மடித்து ரப்பர் கட்டிக்குக் கீழே வைத்தேன். என் பொண்ணு வரா டாக்டர், அவளும் படிக்கட்டும், அப்பறம் சொல்றோம் என்றேன். மேல இங்க் காஞ்சிடுச்சு, சட்டையப் போட்டுக்குங்க, குளிருதுல்ல என்று நர்ஸ் என் சட்டையை எடுத்து நீட்டினாள். இருக்கட்டும்மா, அவ வரட்டும் என்றேன். ஊதா வட்டங்களோடு கையைக் கட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.